எத்தனை வருஷமாச்சு அம்மணி?

தை மாதம் ஒரு சனிக்கிழமை நானும் அவரும் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம், அவிநாசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கல்யாணமாகி நான்காவது வருஷம். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம், அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்க வேண்டியிருந்தது. எனக்குப் பிறப்புறுப்பில் ஹெர்ப்பீஸ் இருக்கிறது, உறவின் வழியாகப் பரவி, கொப்புளமும் புண்ணுமாக வந்து வந்து போகிற ஒரு கிருமித் தொற்று. நான் சொல்லி முடித்ததும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்து, "யாருகிட்ட இருந்து வந்துச்சு?" என்றார். பிரஷர் பார்க்கிற நர்ஸ் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அத்தை, அதாவது என் மாமியார், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வாய் வரவில்லை. "அது இப்ப எதுக்குங்க மேடம்?" என்று அவர்தான் கேட்டார். டாக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த மாதிரி சீக்கை வைத்துக்கொண்டு குழந்தைக்கு என்ன அவசரம், குழந்தைக்குத் தொற்றினால் மூளை வரைக்கும் போகும், பெற்றே தீர வேண்டுமென்றால் சிசேரியன்தான் என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளுக்காக ரத்தம் எடுத்துப் பார்க்கிற டார்ச் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. காரில் வரும்போது அத்தை, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க அம்மணி?" என்று கேட்டார். "டெஸ்டு எடுக்கச் சொல்லியிருக்காங்க அத்தை" என்றேன்.

யாருகிட்ட இருந்து வந்துச்சு என்ற அந்த டாக்டரின் கேள்வி எட்டு மாதமாக என்னோடு இருக்கிறது. அது புதிய கேள்வியும் இல்லை. 24 வயதிலிருந்து நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். இந்த நோய் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்தாலும் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். படிக்கிற உங்கள் மனதிலும் எழுந்திருக்கும், அதில் தப்பில்லை. ஒரு தடவை பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் வேலை பார்த்தபோது ஒருவரை விரும்பினேன். இரண்டு வருஷம். அது கல்யாணத்தில் முடியவில்லை. அவருக்கு இது இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஏனென்றால் இந்தக் கிருமி இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. கொப்புளமே வராமல் இருக்கலாம், வந்தாலும் ஏதோ உரசிப் புண்ணானது என்று விட்டுவிடுவார்கள். உலகத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஒரு டவுன் பஸ்ஸை நிரப்பி உட்காரவைத்து எண்ணிப் பார்த்தால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அக்கி என்கிற சொல்

2017 ஐப்பசியில் முதல் தடவை வந்தது. அனுப்பர்பாளையத்தில் ஹாஸ்டலில் இருந்தேன், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. இரண்டு நாள் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியது, மூன்றாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிற எரிச்சல். மெடிக்கலில் சொன்னதற்கு நீர்க்கடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சுகவாழ்வு மையம் என்று பெயர். இருந்த கவுன்சிலர் அக்கா என்னை ஒரு தடவைகூட மேலும் கீழும் பார்க்கவில்லை. எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை என்று வந்தது. ஒரு சிவப்பு நிறப் பாக்கெட் கொடுத்தார்கள். உள்ளே அசைக்ளோவிர் 400 மில்லிகிராம், 21 மாத்திரை, வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை, ஏழு நாள். பால்வினைத் தொற்றுகளுக்கு அறிகுறி வாரியாக நிறம் பிரித்து நாடெங்கும் இலவசமாகக் கொடுக்கிற பாக்கெட்டுகளில் இது ஐந்தாவது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வெந்நீரில் உட்காரு, சிறுநீர் போகும்போதே தண்ணீர் ஊற்றிக்கொள், எரிச்சல் குறையும் என்று சொன்னதும் அந்த அக்காதான். மாத்திரையைவிட அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது.

"அக்கி தெரியுமில்ல, அந்த மாதிரி ஒரு வகைம்மா" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அக்கி தெரியாமல் என்ன? எங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இடுப்பைச் சுற்றி அக்கி வந்தபோது பக்கத்து ஊரிலிருந்து பானை செய்கிற பெரியவர் வந்து செம்மண் குழைத்து அக்கி எழுதினார். முதுகில் சிங்கம் வரைந்ததைப் பொடக்காளியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒறம்பரை எல்லாம் வந்து திண்ணையில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இளநீர் வந்தது, நுங்கு வந்தது. மருத்துவப்படி அந்த அக்கி சின்னம்மைக் கிருமி திரும்ப எழுவதால் வருவது, என்னுடையது வேறு கிருமி. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் செய்கிற வேலையும் ஒன்றுதான். முதல் தடவை வந்தபின் உடம்பை விட்டுப் போகாது, நரம்பு முடிச்சுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். அம்மிச்சிக்கு அது இடுப்பு நரம்பில் இருந்தது, எனக்கு முதுகுத்தண்டின் அடியில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அம்மிச்சிக்குத் திண்ணை நிறைய ஆட்கள் வந்தார்கள். நான் ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.

முதல் வருஷம் ஐந்து தடவை வந்தது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு. தூக்கம் கெட்ட ஷிப்மெண்ட் வாரங்களில் வரும். வருவதற்கு முந்தின நாளே தொடையிலும் பின்பக்கத்திலும் சுருக் சுருக்கென்று ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இப்போது அந்தக் குறி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

அவரிடம் சொன்னது உப்புச்சர்க்கரை மாற்றி, அதாவது கல்யாணம் நிச்சயமாகி, இருபது நாள் கழித்து, பெருந்துறை ரோட்டில் ஒரு பேக்கரியில். சொல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு மனது வரவில்லை. அவர் டீயைக் குடிக்கவே இல்லை, ஆடை கட்டிப்போனது. "இப்ப வலிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நான்கு நாள் ஃபோன் இல்லை. கல்யாணம் நின்றுபோகும், காரணம் இரண்டு ஊருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டே அந்த நான்கு நாளும் வேலைக்குப் போய் வந்தேன். ஐந்தாம் நாள் கூப்பிட்டு, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியலைங்க. ரெண்டு பேரும் போயி ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாங்களா?" என்றார். யார், என்ன பெயர் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்க முழு உரிமை இருந்த மனிதர் கேட்கவில்லை. அதனால்தான் தை மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டபோது எனக்கு அவ்வளவு வலித்தது.

அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன கிளினிக்

டார்ச் பரிசோதனை முடிவு வந்தது. ஹெர்ப்பீஸ் என்று போட்டிருந்த இடத்தில் பாசிட்டிவ். எனக்கு ஏழு வருஷமாகத் தெரிந்ததை 2,000 ரூபாய்க்கும் மேல் வாங்கிக்கொண்டு திரும்பச் சொன்னது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எங்கேயும் போகவில்லை. குழந்தையே வேண்டாம் என்று ஒரு ராத்திரி அவரிடம் சொன்னேன். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர், தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து சத்தமாகத்தான் பேசுவார். அன்றைக்கு மட்டும் மெதுவாக, "வேண்டாம்னா வேண்டாம். ஆனா அந்தம்மா சொன்னதுக்காக வேண்டாம்னு சொல்லாத" என்றார். மாசியில், எனக்கு முன்பு வைத்தியம் பார்த்த தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனோம். வயதான டாக்டரம்மா. சின்ன கிளினிக், ஒரே ஒரு மேஜை, சுவரில் பழைய காலண்டர்.

நான் "ஹெர்ப்பீஸ்" என்று ஆரம்பித்ததுமே அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வந்து உட்கார்ந்து, "எத்தனை வருஷமாச்சு அம்மணி?" என்று கேட்டார்.

"ஏழு வருஷம் ஆச்சுங்க."

"நல்லது."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சீட்டைத் திருப்பிப் போட்டுக் கர்ப்பப்பையும் நஞ்சுக்கொடியும் குழந்தையுமாக ஒரு படம் வரைந்தார். ஏழு வருஷமாக உன் உடம்பு இந்தக் கிருமியோடு சண்டை போட்டிருக்கிறது, அதற்கான எதிர்ப்புச் சக்தி உன் ரத்தத்தில் நிறைய இருக்கிறது என்றார். வயிற்றில் குழந்தை வளர வளர, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், அந்த எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். அதனால் பழைய தொற்று இருக்கிற தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றுவது 100க்கு ஒன்றுக்கும் கீழே. பிரசவம் நெருங்குகிற நேரத்தில் முதல் முதலாகத் தொற்று வாங்குகிற தாய்க்குத்தான் ஆபத்து. அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகவே நேரம் இருக்காது, கிருமியும் மிக அதிகமாக இருக்கும். அப்போது 100க்கு 30லிருந்து 50 குழந்தைகளுக்குத் தொற்றலாம். "அதனாலதான் எப்ப வந்துச்சுன்னு கேக்கறது. யாருகிட்ட இருந்துன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார். முதல் டாக்டரைப் பற்றி நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கமாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். ஏழு வருஷத்தையும் என் வாழ்க்கையில் கழிக்க வேண்டிய கணக்காகவே வைத்திருந்தேன். அந்த அம்மா அதைக் கூட்டல் பக்கத்தில் எழுதினார். வைத்தியத்தைப் பொறுத்தவரை இரண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெரியது. யாரிடமிருந்து என்ற கேள்விக்கு வரும் பதிலால் மாத்திரையின் அளவோ பிரசவ முறையோ மாறாது. எப்போதிருந்து என்பதற்கு வரும் பதிலால் எல்லாமே மாறும். முதல் டாக்டர் சொன்னதில் ஒன்று உண்மை, குழந்தைக்குத் தொற்றினால் அது மூளையைத் தாக்கக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம், 14 அல்லது 21 நாள் ஊசி மருந்து ஏற்ற வேண்டிவரும். அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் உலக அளவில் அப்படிப் பாதிக்கப்படுவது 1,00,000 பிறப்புக்குப் பத்துக் குழந்தைகள் போல. எனக்கிருக்கிற ஆபத்து அதில் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் பயத்தை மட்டும் கையில் கொடுத்தனுப்பியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திரும்பி வரும்போது அவிநாசி கோயிலுக்குப் போனோம். எனக்குக் குழந்தை வேண்டும் என்று அத்தை மூன்று வருஷமாக அங்கேதான் விளக்குப் போடுகிறார். முதலை வாயில் போன பிள்ளையின் கதை எங்களுக்கெல்லாம் தாலாட்டு மாதிரி. சுந்தரர் பாடியதும் அந்தப் பிள்ளை போன வயதிலேயே திரும்பி வரவில்லை, கழிந்துபோன வருஷங்களின் வளர்த்தியும் சேர்ந்து வந்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் அந்த இடத்தில் நான் நின்று யோசித்ததே இல்லை. அன்றைக்கு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முடிவு

குழந்தைக்கு இருக்கிற ஆபத்து குறைவு என்று தெரிந்ததும் இன்னொரு விஷயம் முன்னால் வந்து நின்றது. இதுவரை நாங்கள் ஆணுறை இல்லாமல் சேர்ந்ததில்லை. குழந்தை வேண்டுமென்றால் அதை விட வேண்டும். ஹெர்ப்பீஸ் கிருமியில் இரண்டு வகை உண்டு. ரத்தத்தில் எந்த வகைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற ஐஜிஜி பரிசோதனையை டாக்டர் இருவருக்கும் எழுதினார். முதல் வகைக் கிருமி எங்கள் இருவருக்குமே இருந்தது. அது பெரும்பாலும் சின்ன வயதில் முத்தம், எச்சில் வழியாக வருவது, உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணம் அதுதான். பெரும்பாலும் உறவு வழியாகப் பிறப்புறுப்பில் வருகிற இரண்டாம் வகை எனக்கு மட்டும். ஆக என்னிடமிருந்து அவருக்கு வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் திட்டத்தின் பாதி வேலை. கொப்புளமே இல்லாத நாட்களிலும் தோலில் கிருமி வெளிப்படலாம் என்பதால் முழுக்கத் தடுக்க வழியில்லை. குறைக்க வழியுண்டு. 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வை டாக்டர் சொன்னார். ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருக்கிற 1,484 தம்பதிகளை எடுத்துக்கொண்டு, தொற்று இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் கிருமியை அடக்குகிற வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராமும், மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து எட்டு மாதம் பார்த்திருக்கிறார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் துணைகளில் 100க்கு 3.6 பேருக்குத் தொற்றியது, மருந்து சாப்பிட்டவர்களின் துணைகளில் 1.9 பேருக்கு. ஏறக்குறைய பாதி.

இந்தக் கணக்கைக் கேட்டதும் நான் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். பாதியாகக் குறைந்தாலும் மீதிப் பாதி இருக்கிறதே. அதை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார், "தம்பி, இது நீங்க யோசிச்சுச் சொல்லோணும். அம்மணியைப் பார்க்காதீங்க, உங்களுக்குச் சொல்லுங்க." அவர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வாரத்தில் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். முதல் தடவை எத்தனை நாள் வலித்தது, வேலைக்குப் போக முடிந்ததா, இப்போது வரும்போது எப்படி இருக்கிறது. ஒளிக்காமல் சொன்னேன். முதல் தடவை நரகம், இப்போதெல்லாம் மூன்று நாள் தொந்தரவு. உடனே சரி என்று சொல்லியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும். இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்று சொன்னதால்தான் என்னால் அதை நம்ப முடிந்தது.

எங்கள் நிலைமையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கணவனுக்கு இருக்கிறது, மனைவிக்கு இல்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவள் மாசமாக இருக்கிறாள். அந்த வீட்டில்தான் உண்மையான ஆபத்து. ஏழாம் மாதத்துக்கு மேல் அவளுக்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு அந்த 30, 50 கணக்கு வந்துவிடுகிறது. உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருகிற கணவனுக்கும் இது பொருந்தும். மனைவிக்கு முதல் வகை இல்லாவிட்டால் வாய்வழி உறவிலும் அது பிறப்புறுப்புக்கு வரலாம். கடைசி மூன்று மாதம் உறவைத் தவிர்ப்பதே அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்லது என்றார் டாக்டர். அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் மாசமானவர்களுக்கு எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வகை எல்லாம் பார்க்கிறார்கள். ஹெர்ப்பீஸ் வழக்கமாகப் பார்ப்பதில்லை. ஆக அந்த வீட்டில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றக்கூடியது கணவன் வாயைத் திறந்து சொல்கிற ஒரு வார்த்தைதான். யாருகிட்ட இருந்து வந்துச்சு என்ற கேள்வி அந்த வார்த்தையைத்தான் அடைத்து வைக்கிறது. மனைவி கேட்பாள், மாமனார் கேட்பார், ஊர் கேட்கும் என்கிற பயத்தில் ஒரு மனிதன் பேசாமல் இருந்துவிடுகிறான். இதைப் படிக்கிற அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சித்திரையில் மாத்திரை ஆரம்பித்தேன். ஃபோலிக் ஆசிட் ஒன்று, வாலசைக்ளோவிர் ஒன்று, காலையில் தறி ஓட ஆரம்பிக்கும் முன்னால். குழந்தைக்கு இந்த மருந்து ஆகுமா என்ற வெசனம் எனக்கு நிறைய இருந்தது. வாலசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது. மாசமாக இருந்தபோது அசைக்ளோவிர் சாப்பிட்ட பெண்களின் விவரத்தை 1984 முதல் 1999 வரை பதிவு செய்து பார்த்ததில் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுதலாகத் தெரியவில்லை. மாசமானது உறுதியானதும் வா, அப்போது தொடரலாமா நிறுத்தலாமா என்று பார்ப்போம், எப்படியும் 36வது வாரத்திலிருந்து நாளைக்கு இரண்டு வேளையாகச் சாப்பிட வேண்டும், பிரசவ நேரத்தில் கொப்புளம் எழாமல் இருக்க அதுதான் உதவும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடுப்பு வலி வரும்போது புண்ணோ, அந்தச் சுருக் சுருக்கோ இருந்தால்தான் சிசேரியன். இல்லாவிட்டால் சுகப்பிரசவத்துக்கே காத்திருக்கலாம். நம் மாநிலத்தில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, அதனால் சிசேரியன் ஆனாலும் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. ஆனாலும் காரணமில்லாமல் வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கட்டுச்சோற்றுக்குப் பிறகு

ஆடி வேண்டாம், சித்திரைக் குழந்தை ஆகாது என்று அத்தை சொன்னார். எங்களுக்கும் ஆடியில் ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடி, அதில் எனக்குக் கொப்புளமும் வந்தது, மாத்திரை சாப்பிட்டும் வந்தது. வருஷத்தில் அது ஒன்றுதான். பத்து நாள் தள்ளியே இருந்தோம். ஆவணியில் ஆரம்பித்தோம். கரு நிற்கிற நாட்களை எண்ணுவதோடு, தொடையில் அந்தக் குத்தல் இருக்கிறதா என்று தினமும் என் உடம்பை நானே கேட்டுக்கொள்கிறேன். இருந்தால் அந்த மாதம் விட்டுவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் அந்த இடத்தைப் பற்றி நினைக்கவே பிடிக்காது. இப்போது தினமும் கவனிக்க வேண்டியிருக்கிறது, கவனிக்கக் கவனிக்க வெறுப்பும் குறைந்துகொண்டு வருகிறது.

குழந்தை பிறந்த பின்னால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறேன். மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பால் கொடுக்கலாம். கை கழுவாமல் தொடக் கூடாது. உதட்டில் கொப்புளம் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் சில வாரம் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சாமல் போகமாட்டார்கள். யாரையாவது தடுத்தால் மனஸ்தாபம் வரும். வந்தால் வரட்டும் என்று இப்போதே மனதைக் கல்லாக்கிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு முடிந்ததும் என்னை அம்மா வீட்டுக்கு, கோபிக்கு அழைத்துப் போவார்கள். தலைப்பிரசவம் அங்கேதான். கோயமுத்தூர் டாக்டரம்மா கூட வர முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தால் என்னைக் காரில் ஏற்றிக் கூட்டிப்போவது அம்மாவாக இருக்கும். அங்கே டூட்டியில் இருக்கிற டாக்டர் என்னை முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார். புண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும், குழந்தையின் நாடித்துடிப்புப் பார்க்கத் தலையில் கம்பி குத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பிறந்ததும் குழந்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலியில் நான் கிடக்கும்போது இதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் தெரிந்திருக்க வேண்டும். அவர் தறியை நிறுத்திவிட்டு அவிநாசியிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

டாக்டரம்மா ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலின் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கூட்டி நிதானமாக வாசிப்பாள். மாசமாவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது, வயிற்றில் குழந்தையோடு அந்தப் பேச்சைப் பேச எனக்குத் தெம்பு இருக்காது என்று அவரிடம் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றார். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றேன்.

என்னவென்று சொல்ல ஆரம்பிப்பது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மிச்சிக்கு வந்த அக்கியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன், அம்மாதான் அப்போது கூடவே இருந்து மயிலிறகால் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா முதலில் என்ன கேட்பாள் என்று தெரியும். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், பெயரைத் தவிர மற்றதைச் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி பஸ். ஃபைலைப் பையில் எடுத்து வைத்தாயிற்று.